படகில் ஏறிய பெட்டிகள்

போன மாதம் நம் பள்ளிக்கூட செட்டு கூடினபோது நான் வராததற்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தேன். அது பொய். அன்றைக்கு நான் ஒரு கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். பஸ், அப்புறம் ஒரு வேன், அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் படகு. இந்த வயதில் தனியாகப் போக வேண்டுமா என்று என் மகன் கேட்டான். நீங்களும் கேட்பீர்கள். அதனால்தான் பொய் சொன்னேன்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கோவை கணபதியில் நாம் ஐந்தாவது முடித்து ஆறாவது சேர்ந்த வருஷம், நான் இரண்டு வாரம் தாமதமாகத்தான் பள்ளிக்கூடம் வந்தேன். தோல் கறுத்து, மூக்கு உரிந்து, தலைமுடி தேங்காய் நார் மாதிரி இருந்தது. நம் வகுப்பிலேயே கடலைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் பக்கத்தில் உட்கார நீங்கள் சண்டை போட்டீர்கள். ஆடி முடிவதற்குள் என் பக்கத்தில் உட்கார ஒருவரும் இல்லை. அதுவும் உங்களுக்கு நினைவிருக்கும், நாகரிகத்துக்குச் சொல்லாமல் இருப்பீர்கள். பித்தளை திருடினவர் மகள் என்று உங்கள் வீடுகளில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்தப் பங்குனி வரைக்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் சரவணம்பட்டி அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டு, உங்களைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்குங்க என்றார். வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையில் ஹெல்மெட். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றாள். சொந்த ஊர் கிழக்குக் கடற்கரையில் ஒரு மீனவர் கிராமம். ஊர் பேரைச் சொன்னதும் கதவை முழுசாகத் திறந்தேன்.

அவளும் அவள் ஊர் நண்பர்கள் சிலரும், ரிட்டையரான வாத்தியார் ஒருவரும் சேர்ந்து, ஊருக்கு எதிரே மணல்திட்டில் இருக்கிற பழைய கலங்கரை விளக்கத்தைப் பராமரிக்கிறார்களாம். பக்கத்திலேயே இரும்புக் கோபுரம் கட்டி சோலார் விளக்கு வைத்த பிறகு பழையதைப் பூட்டிப் போட்டுவிட்டார்கள். சுவரில் ஆலங்கன்று முளைத்து, உள்ளே வௌவால் குடியேறி, இன்னும் பத்து வருஷம் விட்டால் இடிந்து விழும் என்கிற நிலைமை. எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கி, செடியைப் பிடுங்கி, சுண்ணாம்பு பூசி, இப்போது ஞாயிறுதோறும் ஆட்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

அதெல்லாம் சரி, என்னிடம் எதற்கு வந்தாய் என்று கேட்டேன். அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பெட்டியிலிருந்து கழற்றின ஒரு மரப்பலகை. அதில் நீலப் பெயிண்டில், பாதி உதிர்ந்துபோய், அப்பாவின் பட்டறைப் பேர். கீழே 'கணபதி, கோவை'. கணபதியின் 'ப'வுக்கு மேல் ஒரு சொட்டு பெயிண்ட் வழிந்திருந்தது. அந்தச் சொட்டு எனக்குத் தெரியும். அப்பா எழுதும்போது முழங்கையைத் தட்டிவிட்டவள் நான்தான்.

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் கல்லால் கட்டின எண்ணெய்க் கிடங்கு ஒன்று உண்டு. அதன் கூரையைப் பழுது பார்க்கும்போது பின்சுவரைத் தட்டினால் வேறு மாதிரி சத்தம் வந்திருக்கிறது. மற்ற சுவர்களெல்லாம் சுண்ணாம்புச் சாந்து, அது மட்டும் மண்சாந்து. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டடிக்கு ஓர் இடைவெளி. அதில் இந்தப் பலகையை மேலே மூடி, சாக்கு சுற்றி, கிரீஸ் அப்பி, விளக்கைச் சுற்ற வைக்கிற பழைய பித்தளை இயந்திரம் ஒரு பாகம் குறையாமல் இருந்தது. பலகையில் இருந்த பேரை வைத்துக் கணபதியில் விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"திருட்டுப் போனதுன்னுதாம்மா எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாருன்னு," என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு டீ போட்டேன். பால் ஊற்ற மறந்து கொடுத்துவிட்டேன். அவளும் அதைக் குடித்துவிட்டுப் போனாள்.

அப்பா கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார், உங்களுக்குத் தெரியும். ரேஷன் கடைச் சந்துக்குள். காயில் வார்னிஷ் வாசனை சந்து முனைக்கே அடிக்கும். அந்தக் கோடையில்தான் அவருக்கு அரசாங்க காண்ட்ராக்ட் ஒன்று கிடைத்தது. எண்ணெயில் எரிந்துகொண்டிருந்த அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு மின்சார மோட்டார் பூட்ட வேண்டும், டீசல் இன்ஜினோடு இணைத்து வயரிங் செய்ய வேண்டும். அப்பாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் அம்மாவும், லீவில் இருந்ததால் நானும் கூடப் போனோம். அம்மா ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் வர மிளகாயும் கட்டிக்கொண்டு வந்தாள். கடல் ஊரில் என்ன கிடைக்குமோ என்று பயம்.

கிடைக்கத்தான் இல்லை. திட்டில் மணல், முள்ளுச்செடி, கோபுரம், இரண்டு அறை வீடு, எண்ணெய்க் கிடங்கு, அவ்வளவுதான். குடிக்கிற தண்ணீர்கூட பீப்பாயில் படகேறி வரும், மர வாசனையோடு. காற்று நிற்கவே நிற்காது. சோற்றில் மணல் நறநறக்கும். ராத்திரி அந்த வெளிச்சம் எங்கள் சுவரைத் தொட்டுவிட்டுப் போகும்போதெல்லாம், யாரோ டார்ச் அடித்து என்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே இருந்தவர் விளக்குக்காரர் ஒருத்தர்தான். குடும்பம் எங்கோ தெற்கே. அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். நம் ஊரில் மளிகைக் கடைக்காரரைத்தானே அண்ணாச்சி என்போம்? அப்பாவை ஏன் கடைக்காரர் என்று கூப்பிடுகிறார் என்று ரொம்ப நாள் எனக்குக் குழப்பம். அம்மா வைத்த அரிசிம்பருப்பு சாதத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்து, மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

கோபுரத்தின் உச்சியில் ஆள் உயரக் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் பெட்ரோமாக்ஸ் மாதிரி எண்ணெய் விளக்கு. கூண்டு சுற்றினால்தான் வெளிச்சமும் சுற்றும். அதைச் சுற்ற வைப்பது ஒரு மாடி கீழே இருந்த பித்தளை இயந்திரம். கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள் பல் சக்கரங்கள். அதிலிருந்து ஒரு சங்கிலி கோபுரத்தின் நடுவே தொங்கும், அதன் நுனியில் இரும்பு எடைகள். எடை கீழே இறங்க இறங்க சக்கரம் சுற்றும். தரையைத் தொடுவதற்குள் கைப்பிடியைச் சுற்றி மறுபடி மேலே ஏற்ற வேண்டும். விளக்குக்காரரின் வலது தோள் இடது தோளைவிடப் பெரிதாக இருக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் அவர் சுற்றுவதைப் பார்க்க என்னை அந்த மாடி வரை விடுவார்கள். கிரீஸ் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். இயந்திரம் நடக்கிற சத்தம், ஒரு பெரிய ஆள் நிதானமாகப் பல் கடிக்கிற மாதிரி இருக்கும். உச்சிக்கு மட்டும் விடவில்லை. அங்கே கூண்டு மிதந்து சுற்றுகிற பாதரசத் தொட்டி இருக்கிறது, குழந்தைகள் வரக்கூடாது என்றார்கள். மோட்டார் ஓடுகிற அன்றைக்கு உன்னை மேலே கூட்டிப்போகிறேன் அம்மணி, அதுவரைக்கும் கேட்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கும் விளக்குக்காரருக்கும் தகராறு வந்தது அங்கே போய் இருபது நாள் இருக்கும்போது. உத்தரவில் என்ன எழுதியிருந்தது என்றால், மோட்டார் பூட்டிய பிறகு பழைய இயந்திரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, கரையில் இருக்கிற அரசாங்கக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அதைப் பழைய பித்தளையாக உடைத்து விடுவார்கள். விளக்குக்காரர் அதை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். ஐப்பசியில் கடல் கொந்தளித்தால் மூன்று வாரத்துக்குப் படகு வராது, டீசல் தீர்ந்துவிட்டால் மோட்டாரை என்ன செய்வது, இது இருந்தால் ஒரு மனுஷன் கை போதும் என்றார். அப்பா எழுத்தில் இருப்பதைத்தான் செய்ய முடியும் என்று சொல்லிவிட்டார். அதையே வேறு வேறு நாளில் மூன்று நான்கு தடவை சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் சோறு பாதியில் எழுந்துபோனார்.

அப்புறம் ஒரு நாள் விளக்குக்காரர் சொன்னது மட்டும் அப்படியே என் காதில் இருக்கிறது. வெயிலில் இரண்டு பேரும் நிழலுக்காகக் கோபுரத்தை ஒட்டி நின்றிருந்தார்கள்.

"அண்ணாச்சி, எம் மச்சான் இந்தக் கடல்லதான் போனான். அன்னிக்கு விளக்கு ஒரு மணி நேரம் நின்னு போச்சு. எனக்கு முன்னாடி இருந்தவரு உறங்கிட்டாரு. அதுக்கப்புறந்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மச்சான் போனான் என்றால் கப்பலேறி வேறு ஊர் போய்விட்டான், திரும்பி வரும்போது வழி தெரியத்தான் இந்த விளக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டார் ஓடிய நாள் வந்தது. காலையிலேயே எனக்கு ரிப்பன் கட்டச் சொல்லி அம்மாவைப் படுத்தினேன். கோபுரத்துக்குள்ளிருந்து புதுச் சத்தம் கேட்டது, ஈ ரீங்கரிக்கிற மாதிரி. நான் ஓடினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். உதைத்தேன். அப்பா கதவைத் திறந்து, இன்னைக்கு ஆவாது, ஊட்டுக்குப் போ என்றார். நீங்க சொன்னீங்கல்லப்பா என்று உள்ளே நுழையப் பார்த்தேன். அவர் என்னை அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை. நம் வகுப்புப் பையன்களுக்கு அவர்கள் அப்பன்மார் கொடுத்ததைப் பார்த்தவர்கள் நீங்கள், ஓர் அறை பெரிய விஷயமா என்பீர்கள். எனக்குப் பெரிய விஷயம்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சமையலறைக்குப் பின்னால், விறகு அடுக்கி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா உள்ளே படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் விளக்குக்காரரும் ஒரு மூங்கிலைத் தோளில் வைத்து, அதில் சாக்கு மூட்டையைத் தொங்கவிட்டு, கோபுரத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போனார்கள். திரும்பி வந்து இன்னொரு மூட்டை. அப்புறம் இன்னொன்று. அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவின் கை விரல் இடுக்கெல்லாம் மண் ஒட்டியிருந்தது. அம்மா தண்ணீர் ஊற்றினாள்.

மூன்று நாள் கழித்து நாங்கள் கிளம்பினோம். மோட்டார் கொண்டுபோன அதே மரப்பெட்டிகள், நீலப் பெயிண்டில் பேர் எழுதினவை, ஆணி அடித்துப் படகில் ஏறின. ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். விளக்குக்காரர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பாதான் கையை உருவிக்கொண்டு, வாரேனுங்க என்றார்.

ஆனி கடைசியில் கணபதி வீட்டுக்கு ஓர் ஆபீசர் வந்தார். வெள்ளை பேண்ட், கக்கத்தில் ஃபைல். கரைக் கிடங்கில் யாரோ பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே பழைய சங்கிலியும் இரும்பு எடைகளும் துருப்பிடித்த குழாய்களும்தான் இருந்தன. இயந்திரம் இல்லை. அப்பாவிடம் ஒரு மணி நேரம் விசாரித்தார். எது கேட்டாலும் அப்பா, எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க என்றார். இயந்திரம் திட்டிலேயே நின்றுவிட்டது என்றால் விளக்குக்காரருக்கு வேலை போகும். படகில் ஏறினது வழியில் காணாமல் போனது என்றால் அப்பா திருடன். ஆபீசருக்கு இரண்டில் ஒன்று தெரிய வேண்டும். எனக்கு அப்போது இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, இப்போது சொல்கிறேன்.

அப்பா வாய் திறக்கவில்லை என்றதும் அவர் என் பக்கம் திரும்பினார். நான் கதவை ஒட்டி நின்றிருந்தேன். கிட்டே கூப்பிட்டார். வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை அடித்தது.

"பாப்பா, நீயும் அங்கதான இருந்தே? அந்தப் பித்தளை மெஷினைப் பெட்டில வச்சுப் படகுல ஏத்தினாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். ஆபீசர் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அம்மணி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

அவ்வளவுதான். ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து, கணபதி பஸ் ஸ்டாப் பேக்கரிக்குக் கூட்டிப்போய் தேங்காய் பன் வாங்கித் தந்தார். நான் தின்று முடிக்கும் வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்காக வாங்கித் தருகிறார் என்று விளங்காமல் தின்றேன். பாதியிலேயே போதும் என்றிருந்தது. ஆனாலும் முழுசாகத் தின்றேன். மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பாரோ என்று பயம்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். இனி அரசாங்க வேலை எதுவும் கொடுக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பேர் பரவினதும் தனியார் ஆட்களும் மோட்டாரைக் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். காயிலுக்குள் இருக்கும் செம்பை உருவிவிடுவார் என்று பேச்சு. பட்டறையை மூடிவிட்டு பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிய போய்விடுவார்.

அம்மா அவரோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை. என் வழியாகப் பேசுவாள். சோறு ஆறுதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு என்பாள், அவர் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு தடவை மட்டும், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, அவரிடம் நேராகக் கேட்டாள்.

"ஏனுங்க, எனக்காவது சொல்லக்கூடாதுங்களா?"

அவர் எழுந்து வெளியே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா அப்புறம் கேட்கவே இல்லை. அவர் எடுத்துவிட்டார் என்றுதான் கடைசி வரை நம்பினாள். எதற்காக எடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அதை யோசித்து யோசித்தே இளைத்தாள். எனக்குக் கல்யாணமான நான்காவது வருஷம் போனாள். அப்பா அதற்கப்புறம் பத்து வருஷம் இருந்தார். நானும் கேட்டதில்லை. கேட்டால் என் தலையாட்டலையும் பேச வேண்டி வரும்.

இப்போது அந்தப் பெண் வந்துவிட்டுப் போன பிறகு எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அப்பா திருடனில்லை என்று தெரிந்துவிட்டதே. சந்தோஷம் இல்லை. ஒரு வாரம் எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை. கோபம்கூட வந்தது. யாரோ ஒரு விளக்குக்காரருக்குக் கொடுத்த வார்த்தைக்காக, கட்டின பெண்டாட்டியை அப்படி மறுக வைப்பாரா ஒரு மனுஷன்? அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன கெட்டுவிடும்? அம்மா வாய் ஓட்டையில்லை, அவருக்குத் தெரியும். அப்புறம் இன்னொரு பக்கம் யோசனை போகும். அவர் என்னைக் காப்பாற்றினாரோ? நான் சொன்னது பொய் என்று சொன்னால், பத்து வயசுப் பிள்ளையை ஆபீசர் இன்னும் துருவியிருப்பார். அதனால்தான் ஒத்துக்கொண்டாரோ? அல்லது நான் தலையாட்டியது அவருக்கு வசதியாகப் போய்விட்டதோ? அந்தப் பார்வை நன்றியா, வருத்தமா? எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அவர் முகம் மட்டும் தெளிவாக வர மாட்டேன் என்கிறது. ஆபீசரின் பவுடர் வாசனை வருகிறது, அப்பாவின் முகம் வரவில்லை.

அதனால்தான் போனேன்.

திட்டு சுருங்கிவிட்டது. கடல் ஒரு பக்கத்தைத் தின்றிருக்கிறது. நாங்கள் இருந்த வீட்டுக்குக் கூரை இல்லை. கோபுரம் மட்டும் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று நின்றது. அன்றைக்கு விருந்தாளிகள் ஒரு படகு நிறைய வந்திருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தப் பெண் அவர்களை முதலில் மேலே அனுப்பிவிட்டு என்னை எண்ணெய்க் கிடங்குக்குக் கூட்டிப்போனாள்.

இயந்திரத்தை அங்கேயே, பிரித்த சுவருக்கு முன்னால், ஒரு மேடை போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். பச்சை பிடித்த இடத்தையெல்லாம் தேய்த்திருந்தார்கள். எனக்கு நினைவிருந்ததைவிடச் சின்னது. வாத்தியார் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இயந்திரத்தோடு அதுவும் உள்ளே இருந்ததாம். டப்பாவுக்குள் மடித்த ஒரு தாள். அப்பா கையெழுத்து. பட்டறை பில்லின் பின்பக்கம்.

தாளை அவர்கள் பக்கம் நீட்டினேன். அந்தப் பெண்ணே வாசித்தாள். எண் போட்ட நான்கு போல்ட்டையும் முதலில் மாட்டவும். பிறகு பெரிய சக்கரம். பல்லோடு பல் உட்கார்ந்த பிறகே முறுக்கவும், அவசரப்பட வேண்டாம். கண்ணாடிக் கூண்டோடு சேர்க்கும் தண்டு மோட்டாருக்குப் பின்னால் அப்படியே விடப்பட்டிருக்கிறது. சங்கிலியும் எடையும் கரையில் புதிதாக வாங்கிக்கொள்ளவும். கிரீஸ் வருஷத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான் இருந்தது. பேர் இல்லை, யாருக்கு என்று இல்லை. நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பட்டறைப் பேரும் அச்சடித்த கோடுகளும்தான்.

அந்தத் தாளை வைத்துத்தான் பூட்டினோம், ஒரு போல்ட்டுகூட மிச்சமாகவில்லை என்று வாத்தியார் பெருமையாகச் சொன்னார். கை வைக்கச் சொன்னார். நான் கைப்பிடியைச் சுற்றினேன், கனமாக இருந்தது, அவரும் சேர்ந்து சுற்றினார். சக்கரங்கள் நகர்ந்தன. விளக்குக்காரரைப் பற்றி விசாரித்தேன். நாங்கள் வந்த அதே வருஷம், மழைக்கு முன்னாலேயே அவரை வெகு தூரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மூன்றாம் வருஷம் அங்கேயே இறந்துவிட்டார். சுவருக்குள் இருப்பது அவரையும் அப்பாவையும் தவிர யாருக்கும் தெரியாது. ஓர் ஐப்பசிக்குக்கூட அது பயன்படவில்லை. அப்பாவுக்கு அந்த மாற்றல் தெரியுமா, தெரிந்த பிறகும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாகத்தான் வருகிறது.

பிள்ளைகள் இறங்கி வருவதற்குள், அந்தப் பெண் ஒன்று கேட்டாள். வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு சின்ன வீடியோ வேண்டுமாம். அப்போது இங்கே இருந்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருத்தர்தான், நடந்ததைச் சொல்லுங்கள் என்றாள். கோபுரத்துக்கு வெளியே, கடல் பின்னால் தெரிகிற மாதிரி நிற்க வைத்துவிட்டு, தூரத்தில் போய் நின்று எடுத்தாள். சொன்னேன். நம் செட்டில்கூட இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். மூங்கிலில் மூட்டை தொங்கினபோது சாக்கு ஒரு பக்கம் விலகி மஞ்சளாகப் பளபளத்தது, நான் பார்த்தேன். அது படகில் ஏறவில்லை, எண்ணெய்க் கிடங்குக்குத்தான் போனது என்று எனக்குத் தெரியும். என்னை அறைந்துவிட்டாரே, மேலே கூட்டிப்போகிறேன் என்று ஏமாற்றிவிட்டாரே என்கிற ஆத்திரம் அந்த ஒரு மாதமும் எனக்குள் இருந்தது. ஆபீசர் கேட்டதும் தெரிந்தேதான் தலையாட்டினேன். அப்படியே சொன்னேன்.

அந்தப் பெண் கிட்டே வந்து, எடுத்ததைப் போனில் காதில் வைத்துக் கேட்டாள். முகம் சுருங்கியது.

"காத்துச் சத்தம்தாம்மா வந்திருக்கு. உங்க குரலே கேக்கல. அந்தப் பக்கம் வந்து இன்னொரு தடவை சொல்றீங்களா?"

கோபுரத்தின் மறுபக்கம், காற்று மறைவாக நிற்க வைத்தாள். அதற்குள் பிள்ளைகள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். பத்து வயசு, பதினோரு வயசு. ரிப்பன் கட்டின ஒருத்தி முன்னால் வந்து நின்று என் வாயையே பார்த்தாள். நான் ஆரம்பித்தேன். எனக்கு அப்போது வயது பத்து என்றேன். பெட்டிகள் படகில் ஏறினதைப் பார்த்தேன், அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும், ஆபீசர் கேட்டார், ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டேன் என்றேன். சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அறையைப் பற்றியும் சொல்லவில்லை. எங்கப்பா நல்ல மனுஷருங்க என்று முடித்தேன். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

படகில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். சாக்குக்குள் மஞ்சள் பளபளத்ததை நான் அன்றைக்கே பார்த்தேனா, இல்லை, இயந்திரத்தை இப்போது பார்த்துவிட்டு மனசு அதை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டதா? முதல் தடவை சொன்னபோது அதுதான் நிஜம் என்று பட்டது. இரண்டாவது சொன்னபோது அதுவும் நிஜமாகத்தான் வந்தது. இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

நீங்கள் எப்போதாவது அங்கே போனால் கிடங்கு வாசலில் ஒரு டிவி பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் என்னைப் பார்க்கலாம். இரண்டாவது சொன்னதுதான் ஓடுகிறது, படம் நன்றாக வந்திருக்கிறதாம். அன்றைக்குக் கொஞ்சம் காற்றடிக்காமல் இருந்திருந்தால், மற்றது ஓடிக்கொண்டிருக்கும்.